பதினோராம் வகுப்பு, ஏழாவது வாரம்

செவ்வாய்க்கிழமை, காலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இடது முழங்காலைத் தவிர என்னிடம் மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எழுதியிருப்பாய். போன கடிதத்தில் தேதி போடவில்லை. தேதி இல்லாத கடிதத்தை எந்த மாதத்துக் கடிதக் கட்டில் சேர்ப்பது என்று ஒரு நாள் முழுக்க அது மேஜையிலேயே கிடந்தது.

நான் வேலைக்குப் போகிறேன் என்றதும் தொலைபேசியில் சிரித்தாய். எழுபத்து மூன்று வயதில் யாரும்மா வேலை கொடுத்தாங்க என்று கேட்டாய். விவரம் சொல்ல வாயெடுத்தால் பின்னால் உங்கள் பட்டறையின் தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன. ஆகவே எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரி முதல் ஆண்டுக்கும் புதிய பாடத்திட்டம் தயாராகிறது. பாடத்துக்கு ஒரு குழு; ஒவ்வொரு குழுவும் ஒரு வருடமாக எழுதி முடித்துவிட்டது. எல்லாக் குழுக்களுக்கும் மேலே ஒரு தலைவர் இருக்கிறார். விவசாயக் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், பேசும்போது பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுவார். அவர் வீட்டுக்கே வந்து, "டீச்சர், எல்லாரும் அவங்கவங்க பாடத்தை மட்டும்தான் பாத்திருக்காங்க. மொத்தத்தையும் ஒரே ஆள் உட்காந்து படிக்கணும். யாருக்கும் பயப்படாத ஆளா இருந்தா..." என்று நிறுத்தினார். பயப்படாத ஆள் என்றால் கிழவி என்று அர்த்தமா என்று கேட்டேன். கேள்வி காதில் விழாதவர் மாதிரி டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அந்த நாகரிகத்துக்காகவே ஒப்புக்கொண்டேன்.

வேலை நடப்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பழைய வேதியியல் ஆய்வுக்கூடத்தில். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு குட்டித் தொட்டி, குழாயில் தண்ணீர் வராது. தொட்டிகளில் பென்சில் போட்டு வைத்திருக்கிறார்கள். மரத்தில் அமிலம் பட்ட கரும்புள்ளிகளின் மேல்தான் என் தாள்களைப் பரப்பிக்கொள்கிறேன். சுவரில் மேலிருந்து இடுப்பு உயரம் வரை நீளமான காகிதப் பட்டைகள் தொங்குகின்றன. ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்துக்கு ஒரு பட்டை, வாரத்துக்கு ஒரு கட்டம். முதல் வாரம் உச்சியில், கடைசி வாரம் அடியில். கணிதக்காரர்கள் கணிதப் பட்டையை மேலிருந்து கீழே படித்துவிட்டுத் தலையாட்டிப் போய்விட்டார்கள். வரலாற்றுக்காரர்கள் வரலாற்றுப் பட்டையை. யாருடைய பட்டையிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

முதல் நாள் நானும் அப்படித்தான் படித்தேன். இரண்டாம் நாள் ஒரு யோசனை வந்தது. படிக்கிற பிள்ளை இப்படிப் படிப்பதில்லையே? அவளுக்குத் திங்கட்கிழமை முதல் மணி கணக்கு, இரண்டாவது மணி வேதியியல், மூன்றாவது மணி வரலாறு. பட்டைகளை அவள் குறுக்காக அல்லவா படிக்கிறாள்? கரும்பலகைக்கு உபயோகிக்கும் நீட்டு மர அளவுகோல் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பட்டைகளுக்குக் குறுக்கே முதல் வாரத்தில் வைத்தேன். படித்தேன். ஒரு கட்டம் இறக்கினேன். மறுபடியும் படித்தேன்.

கண்ணு, இந்த வயதில் இப்படி ஒரு வேடிக்கை எனக்குக் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. ஒன்பதாம் வகுப்பின் இரண்டாவது வாரத்தில் வரலாற்றுக்காரர்கள் ஒரு போர்க்களத்தை அளவுப்படி வரையச் சொல்கிறார்கள். அளவுப்படி வரைவது எப்படி என்பதைப் புவியியல்காரர்கள் அடுத்த வருடம்தான் சொல்லித் தருகிறார்கள். ஒரு திரவம் எவ்வளவு அமிலம் என்று கணக்கிட வேதியியலுக்கு மடக்கை வேண்டும்; மடக்கை வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நீர்ச் சுழற்சி மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள் ஐந்து தடவை வருகிறது, அதே படம், அதே மேகம். பிள்ளைகள் தொப்பலாக நனைந்திருப்பார்கள். சோதனையில் பிழை எவ்வளவு என்று மதிப்பிடுவதைப் பள்ளியில் படித்திருப்பார்கள் என்று கல்லூரிக் குழு விட்டுவிட்டது. கல்லூரியில் படித்துக்கொள்வார்கள் என்று பள்ளிக் குழு விட்டுவிட்டது. இரண்டு குழுக்களும் அடுத்தடுத்த அறைகளில் ஒரு வருடம் உட்கார்ந்திருக்கின்றன!

சிரித்துக்கொண்டே வந்தேன், பிறகு கொஞ்சம் யோசித்தேன். முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக நான் மட்டும் என்ன செய்தேன்? என் பாடம், என் கரும்பலகை, மணி அடித்தால் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெளியே. எனக்கு அடுத்து உள்ளே போகிறவர் என்ன சொல்லித் தருகிறார் என்று ஒரு நாளும் கதவோரம் நின்று கேட்டதில்லை.

நேற்று பதினோராம் வகுப்பின் ஏழாவது வாரத்துக்கு வந்தேன். இயற்பியலில் சாய்தளம். சறுக்குப் பலகை மாதிரி ஒரு சரிவில் ஒரு கட்டையை வைத்து, அதன் எடையில் சரிவின் வழியே எவ்வளவு இழுக்கிறது, சரிவை எவ்வளவு அழுத்துகிறது என்று பிரிக்க வேண்டும். அதற்குச் சைன், கொசைன் தெரிந்திருக்க வேண்டும். அளவுகோலின் வழியே கணிதப் பட்டைக்குப் போனேன். முக்கோணவியல் அங்கே இல்லை. கீழே, கீழே, பத்தொன்பதாவது வாரத்தில் இருக்கிறது. இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால், "கணிதத்தில் முன்பே படித்தபடி" என்று சைனைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். கணிதப் புத்தகத்தில் முக்கோணவியலின் முதல் பத்தி என்ன தெரியுமா? "இயற்பியலில் பயன்படுத்திப் பழகியதுபோல." ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள், நடுவில் பன்னிரண்டு வாரம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

இயற்பியல் குழுவின் பேராசிரியரைப் பிடித்துக்கொண்டேன். நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் துள்ளி எழுவதால் அவருக்குக் கம்பிச்சுருள் என்று பெயர். உங்களுக்கென்ன அவ்வளவு அவசரம், சாய்தளத்தைப் பின்னால் தள்ளுங்கள் என்றேன். அதைத் தள்ளினால் அதற்குப் பின்னால் இருக்கும் விசை, வேலை, ஆற்றல் எல்லாமே சரியும் என்றார். "முக்கோணவியலை முன்னால கொண்டாங்கன்னு நான் வந்த நாள்லேருந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன் டீச்சர். கணக்குக்காரங்க நகரவே மாட்டேங்கிறாங்க" என்று சிரித்தார். கணிதக் குழுவின் பொறுப்பாளர் நல்ல பெண்மணி, நிதானமானவர். அந்த வரிசை இப்போதைய பாடத்திட்டத்திலிருந்தே வருவது, அனுபவஸ்தர்கள் யோசித்து வைத்தது, காரணம் இல்லாமல் கை வைக்க மாட்டோம் என்றுவிட்டார். எனக்கும் அதே கருத்துதான். இயற்கணிதத்தை முழுக்க முடித்துவிட்டுப் பிறகு முக்கோணவியலுக்குப் போவது அழகான வரிசை. நானே அப்படித்தான் நடத்தினேன். என் வகுப்பில் யாரும் திணறியதில்லை.

இந்த மாதம் முப்பதாம் தேதி புத்தகங்கள் அச்சுக்குப் போகின்றன. அன்றைக்கு எந்த வரிசையில் இருக்கிறதோ, அடுத்த பத்து வருடத்துக்கு அதே வரிசைதான். கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அதனால் விட்டுவிடவும் மனமில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ பதினோராம் வகுப்பில் பதினாறு வாரம் அறிவியல் பிரிவில் இருந்தாய். அந்தச் சாய்தளம் உனக்கு எப்படி இருந்தது? ஆராய்ச்சிக்காகத்தான் கேட்கிறேன், பழையதைக் கிளறுவதற்காக அல்ல. சட்டைக் காலருக்குச் சரிவு வெட்டும்போது கோணத்தை நீ எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்பதையும் எழுது. இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை என்று திடீரென்று தோன்றியது.

மாப்பிள்ளையை வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டாம் என்று சொல்.

கடவுள் உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.
அம்மா


வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. தேதி போட்டிருந்தாய், மகிழ்ச்சி.

காலர் விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். காகிதத்தை மடித்து மடித்துச் சரிவைப் பிடிக்கிறாய், எண்ணே கிடையாது என்று எழுதியிருக்கிறாய். நானும் ஒரு தாளை எடுத்து நீ சொன்னபடி மடித்துப் பார்த்தேன். வந்துவிட்டது. எண் இல்லாமல் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது இதுவே முதல் தடவையாக இருக்கும்.

சாய்தளம் பற்றி நீ எழுதியது நாலே வரி. வாரமெல்லாம் ஞாபகமில்லை, அந்தச் சறுக்குக் கட்டைப் படத்தைப் பதினோரு தடவை வரைந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது, படம் ஒவ்வொரு தடவையும் அழகாகவே வந்தது, விடைதான் வரவில்லை என்கிறாய். பிறகு, "ஒரு தடவை உங்ககிட்ட கேட்டேம்மா" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் மாத்திரைக்குப் போய்விட்டாய். நீ என்னிடம் எப்போது கேட்டாய்? நான் வீட்டில் இருந்தேனா? எனக்கு நினைவில்லை. எழுதினால் நன்றாக முழுசாக எழுத வேண்டும்.

இங்கே நான் துப்பறியும் வேலையில் இறங்கிவிட்டேன். கம்பிச்சுருள் தன் கல்லூரியோடு சேர்ந்த பள்ளியின் பழைய இயற்பியல் தேர்வுப் பதிவேடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினோராம் வகுப்பு, ஏழாவது வாரம் முடிந்ததும் வைக்கும் சின்னத் தேர்வு. எந்த வருடத்தை எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் தோல்வி. முக்கோணவியல் முடிந்த பிறகு வைக்கும் தேர்வில் அதே பிள்ளைகளில் பாதிப் பேர் தேறிவிடுகிறார்கள். மீதிப் பாதி அதற்குள் வேறு பிரிவுக்கு மாறிவிடுகிறார்கள். அந்தப் பள்ளியில் வகுப்பெடுக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். "கேக்காதீங்க டீச்சர். சைனை நாப்பது நிமிஷத்துல தலைல ஊத்திவிடுறேன். உள்ள போனது போனது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பதிவேடுகளை இன்னும் பின்னால் பின்னால் புரட்டினேன். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடு கிழித்த மாதிரி மாறுகிறது. அதற்கு முந்தைய வருடங்களில் அதே தேர்வில் முக்கால்வாசிப் பேர் தேறியிருக்கிறார்கள். ஆசிரியர் மாறினாரா என்று பார்த்தேன், இல்லை. புத்தகம் மாறியதா, அதுவும் இல்லை. பழைய பாடத்திட்டம் ஒன்றை நூலகர் தேடிக் கொடுத்தார். அதில் முக்கோணவியல் மூன்றாவது வாரத்தில் இருக்கிறது. அதைப் பத்தொன்பதுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். நகர்த்திய முதல் வருடத்தில் பதினோராம் வகுப்பு படித்தவர்கள் யார் யார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

யார் நகர்த்தினார்கள் என்ற கோப்பு இன்னும் கைக்கு வரவில்லை. அது கிடைத்துக் காரணம் தெரிந்தால்தான் மாற்றலாம் என்று கணிதப் பொறுப்பாளர் சொல்கிறார், நியாயம்தான். அந்தக் காலத்தில் பல பள்ளிகளிலிருந்து கருத்துக் கேட்டார்கள். நானும் ஒரு கடிதம் எழுதிய ஞாபகம் இருக்கிறது. பலரில் ஒருத்தியாக.

முப்பதாம் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நின்றுகொண்டே வெட்டாதே, ஸ்டூல் வாங்கு.

அம்மா


வியாழக்கிழமை

என் மகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்தேன். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் ஒரு சொட்டு மை படிந்தாலும் பக்கத்தையே திரும்ப எழுத வைப்பார். இந்த முறை கிழித்ததற்கு மை காரணமில்லை.

கோப்பு கிடைத்தது. நூலகர் நாடாவை அவிழ்த்து மேஜையில் வைத்தார். பல பள்ளிகளின் கடிதங்கள் இருக்கும் என்று நினைத்தேனே, ஒரே ஒரு கடிதம்தான் இருந்தது. ஆறு பக்கம். நீல மை, இடது ஓரத்தில் இரண்டு விரல் இடம், ஒரு அடித்தல் கிடையாது. எட்ட நின்றபோதே யார் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. முதல் பக்கத்தின் மேலே அப்போதைய தலைவர் சிவப்பு மையில், "மிகச் சிறப்பான வாதம், அப்படியே ஏற்கலாம்" என்று எழுதியிருக்கிறார். அப்படியே ஏற்றிருக்கிறார்கள்.

உட்கார்ந்து ஆறு பக்கத்தையும் படித்தேன். இப்போது படித்தாலும் அதில் ஒரு தப்பு இல்லை. கணிதத்துக்குள் நின்று பார்த்தால் ஒவ்வொரு வரியும் சரி. இயற்பியல் என்ற சொல் ஆறு பக்கத்தில் ஒரு இடத்திலும் இல்லை.

அப்புறம்தான் நீ எழுதிய அந்த வரி எனக்கு நினைவுக்கு வந்தது. முழுசாக எழுது என்று உன்னிடம் அதிகாரம் பண்ணினேன். நானே எழுதுகிறேன்.

நான் சமையலறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீ நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, இந்த சைன்னா என்னம்மா?" என்று கேட்டாய். தலை நிமிராமல், "அது பத்தொன்பதாவது வாரத்தில வரும். வரிசையத் தாண்டிப் படிக்காதே" என்றேன். என் பெண் என்பதற்காக உனக்கு முன்கூட்டிச் சொல்லித் தந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் என்றும் சொன்னேன். அன்று ராத்திரி அப்பாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர், "புள்ளதானே, சொல்லிக் குடுத்தா என்ன?" என்று கேட்டார். அவருக்கும் ஒரு பாடம் நடத்தினேன்.

ஏழாவது வாரத் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கினாய். அடுத்ததில் இருபத்தாறு. என் வயிற்றில் பிறந்துவிட்டு இப்படியா என்று கேட்டேன். கவனம் போதாது, உனக்கு இந்தப் பிரிவு ஒத்துவராது என்று நானே தலைமையாசிரியரிடம் சொல்லி மாற்றிவிட்டேன். பதினாறாவது வாரம். பாலம் கட்டப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அதற்குப் பிறகு அந்த வார்த்தையை வீட்டில் எடுக்கவே இல்லை. இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் முக்கோணவியல் வந்திருக்கும். அந்த வகுப்பை எடுத்தது நான்தான். நீ வேறு அறையில் இருந்தாய்.

அந்த முப்பத்தொன்றை உன் பெயருக்கு எதிரே எழுதினார்கள். யார் பெயருக்கு எதிரே எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது.

நேற்றுக் கூட்டம் நடந்தது. கோப்பை நான் வீட்டுக்கு எடுத்துவந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு நாள் முழுக்க அந்த எண்ணம் இருந்தது, உன்னிடம் மறைக்கவில்லை. கணிதப் பொறுப்பாளர் வழக்கம்போல, "பெரியவங்க யாரோ யோசிச்சு வச்ச வரிசை" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து, அந்தப் பெரியவங்க நான்தான் என்றேன். கடிதத்தை மேஜையில் வைத்தேன். தலைவர் இந்தத் தடவை முழு வாக்கியத்தையும் விழுங்கிவிட்டார். கம்பிச்சுருள் மட்டும் துள்ளி எழுந்து, "அப்போ இத்தன வருஷமா நான் திட்டிக்கிட்டிருந்தது உங்களையா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆமாம், ஒன்று விடாமல் எனக்குத்தான் வந்து சேர வேண்டியது என்றேன். முதலில் கணிதப் பொறுப்பாளர்தான் சிரித்தார். பிறகு எல்லோரும். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் மூச்சு வந்தது.

முக்கோணவியலை இரண்டாவது வாரத்துக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டார்கள். ஒரே சிக்கல். இப்போதுள்ள பாடம் இயற்கணிதம் எல்லாம் முடித்தவர்களுக்காக எழுதியது, அதை அப்படியே தூக்கி முன்னால் வைத்தால் பிள்ளைகள் வேறு விதமாக விழுவார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவருக்குப் புரிகிற மாதிரி முதலிலிருந்து எழுத வேண்டும். யார் எழுதுவது என்று கேட்டபோது யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பதின்மூன்று நாள் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் படித்துத் தலையாட்டுவதை நம்ப மாட்டேன், சைன் தெரியாத ஒருவர் படித்துப் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். தலைவர் ஒரு பள்ளியில் பத்துப் பிள்ளைகளை ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். செய்யட்டும்.

அவர்களுக்கு முன்னால் படிக்க எனக்கு இன்னொருவர் வேண்டும்.

முதல் எட்டுப் பக்கம் இந்த உறையிலேயே இருக்கிறது. நாலு தடவை மாற்றி எழுதினேன், இன்னும் எனக்குத் திருப்தியில்லை. உனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும், தெரியும். மத்தியான இடைவேளையில் ஒரு பக்கம் பார்த்தால் போதும். புரியாத இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போடு. புரிந்த மாதிரி இருக்கிறது என்று விட்டுவிடாதே, என் மனசு நோகும் என்று பார்க்காதே. பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தாலும் உட்கார்ந்து எழுதுவேன். ஒரு கோட்டுக்கும் உன் கவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். புரியவில்லை என்றால் எழுதியவள் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம்.

படிக்க விருப்பமில்லை என்றால் அப்படியே திருப்பி அனுப்பு. அதற்கும் உனக்கு உரிமை இருக்கிறது, நான் காரணம் கேட்க மாட்டேன்.

நீ நன்றாக இரு. உன் கையும் கண்ணும் நன்றாக இருக்கட்டும். கடிதத்துக்குக் காத்திருக்க முடியாவிட்டால் தொலைபேசியிலேயே கேள், இயந்திரச் சத்தம் இருந்தால் இருக்கட்டும், நான் காதை நன்றாக வைத்துக் கேட்கிறேன். எது வேண்டுமானாலும் கேள், கண்ணு. எந்த வாரத்துப் பாடம் என்று இனி நான் பார்க்கப் போவதில்லை.

உன் அம்மா